பொண்ணு விண்வெளி கக்கூஸ் டிசைன் பண்ணோணும்ங்கறா, விடலாமுங்களா?

அண்ணா, ஞாயித்துக்கிழமை நீங்க அம்மிணியக் கூட்டிட்டு வந்து உக்காந்து, அவ தண்ணி குடிக்க வெளிய போன அந்த ரெண்டு நிமிசத்துல குரலைத் தாழ்த்தி கேட்டீங்களே, "முப்பது வருசமா நான் சாயத்தண்ணி நாத்தத்துலயே நிக்கிறனுங்க, என்ற பொண்ணும் அதே சோலிக்கு, அதுவும் மனுசன் மூத்திரத்துக்குப் போறதாங்க?"ன்னு, அதுக்கு அன்னிக்கு நான் சரியா பதில் சொல்லல. அவ வந்துட்டா. அதனால உக்காந்து நிதானமா எழுதறேன். இதைப் படிச்சுட்டு அவகிட்டயும் குடுங்க, அவளுக்கும் இதுல நாலு வார்த்தை இருக்குது.

உங்க மொத வெசனம் காசு. ஏதோ நியூஸ்ல பாத்தீங்களாம், அமெரிக்கா கவர்மெண்டு ஒரு கக்கூசுக்கு நூத்துக்கணக்கான கோடி கொட்டுதுன்னு, இப்படி வீண் செலவு பண்ற துறை நாளைக்கு நிப்பாட்டிட்டா பொண்ணு நடுத்தெருவுல நிப்பாளேன்னு. நீங்க பாத்த செலவு நெசந்தானுங்க. 2020 அக்டோபர்ல நாசா சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பின புது கழிப்பறைக்கு 2 கோடியே 30 லட்சம் டாலர், அன்னைக்கு ரேட்டுக்கு சுமாரா 170 கோடி ரூபா. அதுக்கு முன்னால 2007லயே ரஷ்யாக்காரங்ககிட்ட ஒரு சிஸ்டத்தை 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு வாங்கினாங்க, நாமளே புதுசா செய்யறதை விட அது சல்லிசுன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. ஆனா இதை வீண்னு சொல்றவங்க ஒண்ணை யோசிக்கறதில்லீங்க, ராக்கெட்ல கேமரா வேண்டாம்னு எடுத்துடலாம், ஒரு ஆராய்ச்சிப் பெட்டி வேண்டாம்னு எடுத்துடலாம், மனுசன் போனா இது இல்லாம முடியாது. மேல ஆள் அனுப்பற வரைக்கும் இந்தச் செலவு இருந்துட்டேதான் இருக்கும்.

ஏன் அத்தனை காசுன்னு கேட்டீங்கல்ல. நம்ம வீட்டு கக்கூஸ்ல பாதி வேலைய பூமியே பாத்துக்குது, கீழ இழுக்குது, தண்ணி ஊத்துனா போயிடுது. அங்க எடையே கிடையாது, எதுவும் கீழ போகாது, கீழன்னே ஒண்ணு இல்ல. அதனால காத்தை வெச்சு இழுக்கோணும், மூடியத் தொறந்ததும் ஃபேன் ஓடும், மூத்திரத்துக்கு தனியா ஒரு புனலும் ஹோஸும், உள்ள போன மூத்திரத்தையும் காத்தையும் ஒரு செப்பரேட்டர் வேகமா சுத்திப் பிரிக்கும். காத்து நாத்தம் போக வடிகட்டி திரும்ப ரூமுக்கே வரும். அந்த மூத்திரம் பாசி பிடிக்காம இருக்க கலக்கற ஆசிட் இருக்கே, அது சாதாரண உலோகத்தை அரிச்சுடும், அதுக்குத்தான் புதுசுல டைட்டானியம் பாகங்களை த்ரீடி பிரிண்ட் பண்ணி வெச்சாங்க. பழசை விட இடம் 65 சதவீதம் கம்மி, எடை 40 சதவீதம் கம்மி. இன்னொண்ணு, அம்மிணி என்கிட்ட தனியா சொன்னது, அந்த சீட்டையும் புனலையும் பொம்பளைங்க ஒரே நேரத்துல உபயோகிக்க முடியற மாதிரி மாத்தி டிசைன் பண்ணியிருக்காங்க. இத்தனை வருசமா பொம்பளைங்க போய்ட்டு வந்தும் அது அவங்களுக்கு சரியா அமையல, அதை வீராங்கனைகள்கிட்ட கேட்டு மாத்தினாங்க. அதைச் சொல்றப்ப அவ கண்ணைப் பாத்திருக்கோணும் நீங்க.

சந்திரனுக்குப் போனவங்க கதை இன்னும் மோசமுங்க. அப்பல்லோ காலத்துல கக்கூஸே கிடையாது, ஒரு பிளாஸ்டிக் பை, அது வாயில பசை, அதை ஒட்டிட்டுத்தான் போகோணும், முடிச்சதும் உள்ள ஒரு கிருமிநாசினிய ஊத்தி பைய கையாலேயே பிசையோணும், இல்லாட்டி கேஸ் கட்டி பை வெடிச்சுடும். அத்தனை பெரிய வீரங்க, கூட ரெண்டு பேர் பக்கத்துலயே இருக்க, மறைப்பே இல்லாத பெட்டியில இதைச் செஞ்சாங்க. 1969 மே மாசம் அப்பல்லோ 10ல ஒரு துண்டு காத்துல மிதந்து போனதை அவங்க பேசிக்கிட்டது நாசா பதிவுலயே இருக்குது. சனங்க இதைச் சொல்லிச் சிரிக்கறாங்க. எனக்கு சிரிப்பு வரலீங்க, சந்திரன் வரைக்கும் போறதுக்கு வழி கண்டுபிடிச்சவங்க மனுசனோட மானத்துக்கு ஒரு வழி யோசிக்காம விட்டுட்டாங்களேன்னுதான் தோணுது. அந்த மானத்தைக் காப்பாத்தற வேலைய உங்க பொண்ணு கேக்கறா, அதை கேவலம்னு என்னால நெனைக்க முடியல.

இப்ப தண்ணிக்கு வரேன், இதுதான் உங்களுக்கு என்னை விட எச்சா தெரிஞ்ச விஷயம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேத்து 3.8 லிட்டர் தண்ணின்னு நாசா கணக்கு. ஏழு பேருக்கு ஒரு வருசத்துக்குப் போட்டுப் பாருங்க, 9,700 லிட்டர் வருது, நம்ம ஊர்ல கோடையில தெருவுக்கு வர்ற பெரிய டேங்கர் லாரி ஒண்ணு வெச்சுக்கங்க. அந்த லாரிய வருசா வருசம் ராக்கெட்ல ஏத்த முடியுமா, ஒவ்வொரு லிட்டருக்கும் லட்சக்கணக்குல ஆகும். அதனால மூத்திரம், வேர்வை, மூச்சுல வர்ற ஈரம் எல்லாத்தையும் புடிச்சு திரும்ப குடிதண்ணி ஆக்கறாங்க. மூத்திரத்தைக் காய்ச்சி வடிக்கற மெஷின் 2008 நவம்பர்ல போச்சு, போன மறு வருசமே அடைச்சுக்கிச்சு. ஏன்னா மேல இருக்கறவங்களுக்கு எலும்புல இருந்து கால்சியம் கரையுது, அது மூத்திரத்துல வருது, கலக்கற கந்தக அமிலத்துல சல்ஃபேட் இருக்குது, ரெண்டும் சேந்தா கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம். ஆமாங்க, நம்ம நிலக்கடலைக்கு மூட்டை மூட்டையா போடறோமே அதே ஜிப்சம், அது உள்ள படிஞ்சு மெஷினே நின்னு போச்சு. பொறவு கந்தக அமிலத்தை விட்டுட்டு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாத்தினாங்க. கடைசியா மிஞ்சற கெட்டி உப்புத் தண்ணி இருக்கே, பிரைன், அதுல இருந்தும் ஈரத்தை எடுக்கற மெஷினை சேத்த பிறகுதான் 93, 94 சதவீதம் மீட்டது 98க்கு வந்துச்சு, 2023ல அதை அறிவிச்சாங்க.

இதைப் படிக்கறப்ப உங்களுக்கு என்ன ஞாபகம் வருதுங்க? எனக்கு 2011 ஜனவரி. ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை பூரா மூடினப்ப திருப்பூரே மூச்சை நிறுத்தின மாதிரி இருந்துச்சு, நொய்யலும் ஒரத்துப்பாளையம் டேமும் அப்படிக் கெட்டுக் கெடந்தது. அதுக்குப் பொறகால ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுன்னு ஆர்.ஓ. வடிகட்டி போட்டு, அது ஒதுக்கித் தள்ளற உப்புத் தண்ணிய, அதான் ரிஜெக்ட்டை, எவாப்பரேட்டர்ங்கற காய்ச்சற மெஷின்ல காய்ச்சி, உப்பை எடுத்து அதையே மறுபடி சாயத்துக்குப் போட்டீங்க. நீங்கதானுங்க அதைச் செஞ்சது. வடிகட்டற சவ்வு, மெம்பரேன், அடைச்சா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆசிட் வாஷ் பண்ண ஓடினதும் நீங்கதான். அந்த விண்வெளி நிலையத்துல நடக்கறதும் இதேதான், அளவுதான் சின்னது. அவ எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா காமிச்சா, பாத்தீங்களான்னு தெரியல, உங்க வீட்டு ஹீட்டர் ராடுல போர் தண்ணி உப்பு படிஞ்சு உரிஞ்சு விழுதே, வெள்ளையா முட்டை ஓடு மாதிரி, அதைச் சேத்து வெச்சிருக்கா. ஒரு துண்டுல எலுமிச்சம்பழம் புழிஞ்சு நுரை வர்றதைக் காமிச்சா. அது கார்பனேட், மேல மெஷினை அடைச்சது சல்ஃபேட், ஒரம்பரைக்காரங்க மாதிரி. சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்த புள்ளைக்கு இந்த யோசனை வந்திருக்காது, உங்க வீட்டு உப்புத் தண்ணியும் நீங்க சாப்பிடறப்ப பேசற வேலைப் பேச்சும் குடுத்த புத்தி இது.

சரி, நம்ம நாட்டுல வேலை இருக்குதா. நம்ம ஆளை விண்வெளிக்கு அனுப்பற ககன்யான் திட்டத்துக்கு 2018ல 9,023 கோடி ஒதுக்கினாங்க, 2024 செப்டம்பர்ல அதை 20,193 கோடி ஆக்கிட்டாங்க, நம்ம சொந்த விண்வெளி நிலையத்தோட மொத பகுதியும் அதுல அடக்கம். நிலையம் முழுசா 2035ல வரோணும்னு திட்டம். அப்ப அவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயசுங்க. உள்ள காத்து, சூடு, ஈரம், கழிவு இதையெல்லாம் பாத்துக்கற உயிர்காப்பு சிஸ்டத்தை வெளிநாட்டுக்காரங்க குடுக்க முன்வரல, நாமளே செய்யப் போறோம்னு இஸ்ரோ சேர்மனா இருந்த சோம்நாத் 2023லயே சொல்லிட்டார். மூணு நாள் போய்ட்டு வர்றதுக்கு பையும் டயாப்பரும் வெச்சுக்கூட சமாளிச்சுடலாம், மாசக்கணக்குல தங்கறதுக்கு அது ஆகாது. அந்த வேலைக்கு ஆள் வேணும்.

ஆனா பொய் சொல்லி அனுப்ப மாட்டேனுங்க. இந்த வேலை இடம் நாட்டுல ரொம்பக் கொஞ்சம். இஸ்ரோ எடுக்கறது பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், கெமிக்கலுக்கு சில சென்டர்ல எப்பவாச்சும்தான் வரும். டிகிரில 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ இல்லாட்டி அப்ளிகேஷனே போட முடியாது, அதனால மொத செமஸ்டர்ல இருந்தே அரியர் வெக்காம படிக்கோணும். திருவனந்தபுரத்துல விண்வெளிப் படிப்புக்குன்னே இருக்கற ஐஐஎஸ்டி காலேஜுக்குப் போகோணும்னா ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதோணும், எழுதட்டும், கெடைக்கலீன்னா அதோட உலகம் முடியல. என் மனசுல அவளுக்கு மெக்கானிக்கல் இல்லாட்டி கெமிக்கல், இந்த ரெண்டுதான். பொறியியல் கலந்தாய்வுல கோயமுத்தூர் சிஐடில கெமிக்கல் இருக்குது, பெருந்துறை கொங்குல இருக்குது, மெக்கானிக்கல்னா பிஎஸ்ஜி, ஜிசிடி. கட்-ஆஃப் 200க்கு கணக்குதான் பாதி, அதுல அவ கொஞ்சம் வீக்கு, இப்பவே பாக்கோணும். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல ஆறாவதுல இருந்து படிச்சவ, 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குது, ஃபீஸ் அரசாங்கமே கட்டும், புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் மாசாமாசம் வரும். சர்டிஃபிகேட்டை இப்பவே தலைமை ஆசிரியர்கிட்ட வாங்கி வெச்சிருங்க, கடைசி நேரத்துல அலைய வேண்டாம்.

ஏரோஸ்பேஸ்னு பேரு போட்ட கோர்ஸ் மட்டும் வேண்டாமுங்க. சில வருசம் முன்னால ஒரு பையன் என்கிட்ட வந்தான், ராக்கெட்னா உசுரு, நானும் பேரைப் பாத்து ஏரோஸ்பேஸ் போன்னு சொல்லிட்டேன், அவங்க அப்பா தோட்டத்தை அடமானம் வெச்சு ஒரு காலேஜ்ல மேனேஜ்மெண்ட் சீட் வாங்கினார். லேப்புல மெஷினே இல்ல, கேம்பஸுக்கு ஒரு ஏரோ கம்பெனியும் வரல, இன்னிக்கு அவன் ஒரு கடன் வசூல் கம்பெனியில போன் பேசிட்டிருக்கான். அந்த அப்பா இன்னும் என்னைப் பாத்தா வணக்கம் சொல்றார், எனக்குத்தான் முகம் பாக்க முடியறதில்ல. அதனாலதான் சொல்றேன், அடிப்படை டிகிரி எடுத்துட்டு மேல எம்டெக்குல தண்ணி சுத்திகரிப்பு, மெம்பரேன்னு போகட்டும். இஸ்ரோ கெடைச்சா சந்தோசம், கெடைக்கலீன்னா சென்னைப் பக்கம் நெம்மேலி மாதிரி கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்கற பிளான்ட், மருந்து கம்பெனி, சிப் கம்பெனிக்கு வேண்டிய அதிசுத்தத் தண்ணி, நம்ம சாயப்பட்டறைன்னு நாலு கதவு தொறந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. தண்ணி இஞ்சினியர்னு சொல்லுங்க. கோதவாடியில தமிழ் மீடியத்துல படிச்ச மயில்சாமி அண்ணாதுரை ஐயா சந்திரயான் விட்ட பொறவு ஊரே தலைமேல தூக்கி வெச்சுக்கிச்சு, அவரு படிக்கப் போனப்ப யாரும் அப்படி நெனச்சிருப்பாங்களா.

அம்மிணி, உனக்கு ஒண்ணு. கணக்குல வெக்டரும் இன்டக்ரேஷனும் இந்த மாசத்துக்குள்ள முடிக்கோணும், வாராவாரம் எனக்கு ஒரு டெஸ்ட் பேப்பர் போட்டோ எடுத்து அனுப்பு. டப்பாவ தொலைச்சுடாத.

அண்ணா, உங்ககிட்ட ஒரே ஒரு வேலைதான் கேக்கறேன். இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட அவளை நீங்க பிளான்டுக்குள்ள கூட்டிட்டுப் போனதில்லையாம், நாத்தத்துல எதுக்கு வரணும்னு வாசல்லயே நிப்பாட்டிடுவீங்களாம். அரைப்பரீட்சை லீவுல மேனேஜர்கிட்ட கேட்டு ஒரு நாள் உள்ள கூட்டிட்டுப் போங்க. எவாப்பரேட்டர் பக்கத்துல நிக்க வெச்சு, எங்க அடைக்கும், எப்ப அடைக்கும், சத்தத்தை வெச்சே எப்படிக் கண்டுபிடிப்பீங்க, எல்லாத்தையும் நீங்களே உங்க வாயால சொல்லிக் குடுங்க. ஷூ போட்டுட்டு வரச் சொல்லுங்க, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கட்டும்.