உதவி வேறு, முடிவு வேறு: வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறனாளிகள் தங்கள் ஊரில், தங்கள் விருப்பப்படி வாழத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றியும் அவற்றை நடத்துகிற மனிதர்களைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பலா மரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. முழங்கையை மடக்குகிறான், விரல்களில் அசைவில்லை, கால்களிலும் இல்லை. சுயசார்பு வாழ்வுக்கு உதவும் நிறுவனம் ஒன்றை அணுகச் சொல்கிறார்கள். தானே சாப்பிட முடியாதவனுக்குச் சுயசார்பு எப்படிப் பொருந்தும்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: உங்கள் ஐயத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். சுயசார்பு என்றதும் எவர் கையையும் எதிர்பாராமல் இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். மாவட்ட ஆட்சியர் தம் காரைத் தாமே ஓட்டுவதில்லை, கோப்பைத் தாமே சுமப்பதில்லை. ஆயினும் அவரைப் பிறர் தயவில் வாழ்பவர் என்று யாரும் சொல்வதில்லை, ஏனெனில் கார் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்பவர் அவர். உங்கள் தம்பிக்கு ஊட்டிவிடுவது வேறொருவர் கையாக இருக்கலாம். இட்லியா பொங்கலா, ஏழு மணிக்கா ஒன்பது மணிக்கா, ஊட்டுகிறவர் அண்ணனா சம்பளத்துக்கு வருபவரா என்பதைச் சொல்ல வேண்டியவர் தம்பி. இந்த நிறுவனங்கள் சுயசார்பு என்று குறிப்பிடுவது இதைத்தான்.

இதை முதலில் ஒரு நிறுவனமாக ஆக்கியவர்களும் உங்கள் தம்பியின் நிலையில் இருந்தவர்களே. எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கருக்கு 14 வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, உடல் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தது. இரவில் மூச்சுவிடுவதற்கு இரும்புப் பெட்டி போன்ற ஓர் இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை, இவரால் எந்த வேலைக்கும் போக முடியாது என்று சொல்லிப் படிப்புக்கு உதவத் தயங்கியது. போராடி 1962இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அந்த இயந்திரத்தை வைக்க மாணவர் விடுதியில் வழியில்லாததால் வளாகத்து மருத்துவமனையின் அறையே அவருக்கு விடுதியாயிற்று. பிறகு அங்கே வந்துசேர்ந்த மற்ற மாற்றுத்திறனாளி மாணவர்களும் அவரும் பழகிய பழக்கத்திலிருந்துதான் 1972இல் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் உருவானது. அந்த மையம் நோய்க்கு மருந்து கொடுக்கவில்லை. நம்பகமான உதவியாளர்களின் பட்டியல், படியில்லாத வாடகை வீடு, சக்கர நாற்காலியைப் பழுதுபார்க்க ஓர் இடம், அதே துன்பத்தைக் கடந்துவந்த ஒருவரிடம் மனம்விட்டுப் பேச நேரம் ஆகியவற்றைக் கொடுத்தது. 1975இல் ராபர்ட்ஸை அந்த மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநராக ஆளுநர் நியமித்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் அமைந்த மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே காரணமாக இருந்தார். இங்கிருந்து வேலூருக்குப் போய்வந்த முதுகுத்தண்டு நோயாளிகள் பலருக்கு அவர் வரலாறு தெரியாது.

முழங்கை மடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய செய்தி. உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, அதில் கரண்டியைச் செருகிக்கொண்டு தாமே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அவசியம் காட்டுங்கள். முதல் மாதம் பாதி உணவு சட்டையில்தான் விழும், துடைத்துவிட அவசரப்படாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி அலுவலன். இத்தகைய நிறுவனம் ஒன்றில் அறங்காவலராக இருக்கும்படி அழைக்கிறார்கள். பதிவு, தணிக்கை, வரிவிலக்குச் சான்று அனைத்தும் சரியாக இருக்கின்றன. வேறு எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கூட்ட மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் அரசு நிதி பெறும் சுயசார்பு வாழ்வு மையங்களின் ஆட்சிக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்; பின்னர் அவரோடு இணைந்து நிறுவனத்தை வளர்த்த எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர். தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்த ஓர் இளைஞர் தம் கிராமத்துக்குத் திரும்பி, சின்னஞ்சிறு பள்ளியாகத் தொடங்கியது பிறகு பல நூறு கிராமங்களுக்குப் பரவியது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மாற்றுத்திறனாளி அல்லாதவர்கள் நடத்தும் நிறுவனம் தரம் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விபத்தில் நானும் உடல் செயலிழந்த பிறகு சில மாதங்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தின் நினைவு எனக்கு அடிக்கடி வருகிறது. நல்ல மனிதர்கள், நல்ல சோறு, பளபளப்பான தரை. மாலை 6 மணிக்கு இரவு உணவு, 7 மணிக்கு எங்கள் எல்லோரையும் படுக்கையில் போட்டுவிடுவார்கள், ஏனெனில் பணியாளர்களுக்கு 7:30க்குக் கடைசிப் பேருந்து. 24 வயதில் ஏழு மணிக்குப் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தை வகுத்த கூட்டத்தில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் இருந்திருந்தால், பேருந்து நேரத்துக்கு வேறு வழி தேடியிருப்பார்கள்.

எனவே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை நேரத்தில் அங்கே போய்வாருங்கள். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அது உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, விருந்தினர் வர அனுமதிச்சீட்டு வேண்டுமா என்று கவனியுங்கள். அறங்காவலர் கூட்டம் மாடியில் நடக்கிறதென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. செங்குத்தாகப் பலகை போட்டுவிட்டுச் சாய்தளம் என்று சொல்லும் இடங்களில் மற்ற கணக்குகளையும் சற்று உற்றுப் பார்ப்பது என் வழக்கம். இவையெல்லாம் திருப்தியாக இருந்தால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், கணக்குத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

கேள்வி: நான் பாகூரில் வசிக்கிறேன். எனக்கு உதவும் நிறுவனம் கடலூரில் இருக்கிறது. தமிழ்நாட்டு உதவித்தொகை எனக்குக் கிடைக்குமா?
– வாசகி, பாகூர்

பதில்: கிடைக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதற்கும் பொதுவானது. மாத உதவித்தொகை நீங்கள் வசிக்கும் மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ள சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் தரப்படுகிறது. நீங்கள் புதுச்சேரி அரசின் சமூக நலத் துறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் பயிற்சியையும் ஆலோசனையையும் பெற எல்லை தடையில்லை.

கேள்வி: என் மகளுக்கு 31 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஓர் இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்த்துவிடலாமா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை உங்கள் மகளின் உரிமையாகவே கூறுகிறது. இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 14ஆம் பிரிவு சொல்லும் பாதுகாவலர், அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் முடிவு செய்பவரல்லர். குறிப்பிட்ட முடிவுகளை, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து எடுப்பவர். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழும் பாதுகாவலரை நியமிக்கலாம். அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும். நீங்கள் கடிதத்தில் மகளின் வயதை எழுதியிருக்கிறீர்கள், மருந்துகளை எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எது பிடிக்கும் என்பது ஒரு வரிகூட இல்லை. குறை சொல்லவில்லை, களைத்துப்போன எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இல்லத்தைத் தேடுமுன் ஒரு நோட்டுப்புத்தகம் போடுங்கள்: எந்தக் குரல் கேட்டால் அமைதியாவார், தலை வாரும்போது எங்கே தொட்டால் கத்துவார், மார்க்கெட்டுக்குப் போனால் எந்தக் கடையில் நிற்பார், யாரைக் கண்டால் ஒளிந்துகொள்வார் என்று எழுதுங்கள். பிறகு மாதம் ஓர் இரவு அவர் உங்களைப் பிரிந்து நம்பகமான வேறொருவருடன் தங்கிப் பழகட்டும். சென்னையின் பேன்யன் அமைப்பு, நெடுங்காலம் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் உள்ள வாடகை வீடுகளில் குடியமர்த்தி, தேவையான அளவுக்கு மட்டும் பணியாளரை உடனிருத்துகிறது. அங்கே வசிப்பவர்களின் நிலை உங்கள் மகளின் நிலையிலிருந்து வேறானது. ஆயினும் பெரிய இல்லம் ஒன்றுதான் வழி என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: முதுகுத்தண்டு பாதித்த ஒருவருக்கு எட்டு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். இத்தகைய நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது நிறுவனர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்களைப் பற்றி எழுதுவதில்லையே?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: உண்மை. சென்ற இதழில் நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. படுக்கைப்புண் வராமலிருக்க நான் படுக்கும் காற்று மெத்தை, மோட்டார் நின்றதும் மெல்ல இளைத்துத் தகடாகிவிட்டது. வீட்டு வாசல்வரை தண்ணீர். என் உதவியாளர் தம் வீட்டுக்குப் போகாமல் தங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பேசி வெளிச்சத்தில் என்னைப் புரட்டிப் போட்டார். தம் வீட்டுக் கூரை இருக்கிறதா என்று மறுநாள் காலைவரை அவருக்குத் தெரியாது.

இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைப் பேசாமல் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி உதவியாளர்களுக்கு முதலில் போவது இடுப்பு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சறுக்குப் பலகை, இடுப்புப் பட்டை ஆகியவற்றை நிறுவனமோ குடும்பமோ வாங்கித்தர வேண்டும். வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் தாளில் எழுத வேண்டும். ஒருவரை மட்டுமே நம்பியிருப்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. அதிக உதவி தேவைப்படுவோர் அதற்கென விண்ணப்பிக்க 2016 சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் உதவுபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

என் உதவியாளருக்கு இப்போது வியாழக்கிழமைதோறும் விடுமுறை. அன்று வேறோர் இளைஞர் வருகிறார். தோசையை மிகப் பெரிய துண்டுகளாகப் பிய்க்கிறார், சட்னியில் தொடாமல் ஊட்டுகிறார். சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.