வாசகர் கேள்வி – பதில்: பட்டறையைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்

பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்ற கேள்வி வீடுகளில் எழும் பருவம் இது. மேல்நிலைப் பள்ளிகளில் உள்ள தொழிற்பிரிவைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அந்தப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் சில இடங்களில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான். அவனுடைய அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். விடுமுறை நாள்களில் அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்து மாட்டுவதிலேயே இவன் பொழுது போகிறது. தலைமையாசிரியர் அடிப்படை இயந்திரவியல் பிரிவில் சேர்க்கச் சொல்கிறார். மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் அது என்று உறவினர் சொல்கிறார்கள். சேர்க்கலாமா, ஐயா? — ஒரு தாய், குளச்சல்

அம்மா, உங்கள் உறவினர் சொல்வதில் பாதி உண்மை. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. கையால் செய்து கற்கிற பிள்ளைக்குப் பள்ளிக்குள்ளேயே ஒரு வழி வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காதவர்களைக் கொண்டு அதை நிரப்பும் வழக்கம் பல பள்ளிகளில் ஏற்பட்டுவிட்டது. விருப்பமில்லாமல் வந்து உட்கார்ந்த மாணவனிடம் அரத்தைக் கொடுத்தால் அவன் இரும்பையும் தேய்க்க மாட்டான், பாடத்தையும் படிக்க மாட்டான். உங்கள் மகன் அந்த வகையைச் சேர்ந்தவன் அல்லன் என்பதற்கு அந்த எஞ்சினே சாட்சி.

இருப்பினும், எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த கையும் இயந்திரவியல் படிப்பும் ஒன்றல்ல. முதல் சில வாரங்கள் அவனுக்குச் சலிப்பாகவே இருக்கும். ஓர் இரும்புத் தகட்டை பெஞ்ச் வைஸில் பிடித்து, அரத்தால் தேய்த்து, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒளி கசிகிற இடத்தை மறுபடி தேய்ப்பதுதான் தொடக்கப் பாடம். வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டரையும் மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரையும் பிழையில்லாமல் வாசிக்கப் பழக வேண்டும். லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், கை வைப்பது அதற்குப் பிறகுதான். கடற்கரையில் பழகிய பிள்ளை ஒரு பிஸ்டன் தேய்ந்துவிட்டதை ஓசையிலேயே சொல்லிவிடுவான். மில்லிமீட்டரில் எத்தனை நூறில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டுமா, இன்னும் ஓடுமா என்று அளந்து சொல்லுவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

சேர்க்கும் முன் பள்ளிக்கு நேரில் போய், பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத் ஓடுகிறதா, அதன் மேல் பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். அந்தப் பாடத்துக்கென ஆசிரியர் பணியில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் நிரப்பப்படாமலேயே பிரிவு நின்றுபோன பள்ளிகள் உண்டு. ஆசிரியரும் ஓடுகிற இயந்திரமும் இல்லாத இடத்தில் சேர்ப்பதைவிட வேறு பள்ளியோ வேறு படிப்போ மேல்.

இந்தப் பிரிவை முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு 2 விழுக்காடு இடங்கள் உண்டு. பாடங்களில் கணிதமும் இருக்கிறதா என்பதை இதற்காகவே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிற்பழகுநர் சட்டத்தின்படி நிறுவனங்களில் உதவித்தொகையுடன் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியும் பெறலாம். மருத்துவம், இயற்பியல், வேதியியல் பக்கம் பின்னாளில் மனம் மாறினால் மட்டும் திரும்புவது கடினம்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்று ஆண்டில் டிப்ளமோ கையில் இருக்கும். தொழிற்பிரிவு வழியாகப் போனால் பள்ளியில் இரண்டும் பாலிடெக்னிக்கில் இரண்டுமாக நான்கு ஆண்டுகள். டிப்ளமோதான் வேண்டும் என்று இன்றே உறுதியாக இருந்தால் நேராகப் போவதே சிக்கனம். இன்னும் தீர்மானிக்கவில்லை, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் வேண்டும், அருகிலேயே நல்ல பட்டறை உள்ள பள்ளியும் இருக்கிறது என்றால் அந்தக் கூடுதல் ஓராண்டு வீண்போகாது.

எனக்கு மகேந்திரகிரியில் டெக்னீஷியனாக வேண்டும் என்று ஆசை. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு எடுக்கவா, ஐடிஐ போகவா? — பத்தாம் வகுப்பு மாணவர், ஆரல்வாய்மொழி

ஐடிஐ போங்கள், தம்பி. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் மகேந்திரகிரியில், உங்கள் ஊருக்கு அருகிலேயே இருப்பதால் இந்த ஆசை உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வருகிறது. ஆனால் டெக்னீஷியன் பணிக்கு அங்கே கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அந்தந்தத் தொழிலில் ஐடிஐ தேசியத் தொழிற்சான்றிதழும்தான். பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தொழிற்பிரிவுச் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது. இரண்டும் தொழிற்கல்வி என்றே அழைக்கப்படுவதால், இதை அறியாமல் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்து முடித்துவிட்டு, மறுபடி ஐடிஐ வாசலில் வந்து நின்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் ஆகியவை இரண்டு ஆண்டுப் படிப்புகள், வெல்டர் ஓராண்டு. நாகர்கோவில் அரசு ஐடிஐயும் கோணத்தில்தான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவரானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் அதே தொகையை 2022 முதல் வழங்கி வருகிறது. இத்திட்டங்களில் ஐடிஐயும் அடக்கம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. மகேந்திரகிரியில் இடம் கிடைக்காவிட்டால் உங்கள் ஊரிலும் முப்பந்தலிலும் வரிசையாக நிற்கிற காற்றாலைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றைப் பழுதுபார்க்கவும் எலக்ட்ரீஷியன்களும் ஃபிட்டர்களும்தான் ஏணி ஏறுகிறார்கள்.

நான் எலக்ட்ரிக்கல் படிக்க விரும்புகிறேன். எங்கள் பள்ளியில் அலுவலக மேலாண்மையும் ஆடை வடிவமைப்பும் மட்டும் இருக்கின்றன. பெண்பிள்ளைக்கு அதுவே போதும் என்கிறார் அப்பா. — மாணவி, தக்கலை

ஆடை வடிவமைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. நாகர்கோவிலில் 1820களிலேயே மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைத்தொழில் தென் திருவிதாங்கூரில் பல பெண்களுக்குப் பிழைப்பாயிற்று. பள்ளியில் தொழில் கற்பது நம் பகுதிக்கு 1978இல் புதிதாக வந்து சேர்ந்ததல்ல. ஆனால் ஊசியில் விருப்பமில்லாத பிள்ளையின் கையில் ஊசியைத் திணிப்பதற்கு அந்த வரலாற்றைத் துணைக்கு அழைக்க முடியாது.

அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடிப்படை மின் பொறியியலின் செய்முறையில் தசைவலிமை கேட்கிற வேலை மிகக் குறைவு. மாடிப்படி விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் அணைக்கிற இருவழி சுவிட்ச் இணைப்பைத் தவறில்லாமல் வரைந்து பொருத்துவது, சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியில்தான் வர வேண்டும் என்பதை மறக்காமலிருப்பது, மெக்கர் என்ற கருவியை வைத்துக் கம்பியின் காப்புத் தன்மையைச் சோதிப்பது, மோட்டாரின் காயிலை எண்ணிச் சுற்றுவது ஆகியவற்றுக்கெல்லாம் வேண்டியவை பொறுமையும் ஒழுங்கும்தான். 230 வோல்ட் ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்துத் தாக்குவதில்லை. கவனக்குறைவை மட்டுமே பார்க்கிறது.

உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை என்பதால், பேருந்தில் போய்வரக்கூடிய பள்ளிகளில் எங்கே இருக்கிறது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ எலக்ட்ரிக்கல் எடுக்கலாம். வேறு வழியில்லை என்பதற்காக இரண்டு ஆண்டுகளை அலுவலக மேலாண்மையில் செலவிட வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தம்பி கொத்தனார் வேலைக்குப் போகிறான். இனி ஐடிஐயில் சேர முடியுமா? — வாசகர், அருமனை

முடியும். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்து, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் அது பத்தாம் வகுப்புக்கு இணையாக ஏற்கப்படும். ஆகவே ஓராண்டுப் பிரிவைவிட வயர்மேன் போன்ற இரண்டு ஆண்டுப் பிரிவு அவனுக்கு நல்லது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருவதுதான் அவனுக்கு உண்மையான தடையாக இருக்கும். அந்த இரண்டு ஆண்டுக்கும் வீடு எப்படித் தாங்கும் என்பதை முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அடிப்படை இயந்திரவியல் நடத்துகிறேன். ஒரே ஒரு லேத். மாணவர்களோ இருபத்தெட்டுப் பேர். இரும்பு வாங்கப் பணம் போதவில்லை. செய்முறையை எப்படித்தான் நடத்துவது? — ஆசிரியர், குலசேகரம்

இந்தக் கடிதம் எனக்கு என் பழைய நாள்களைக் கண்முன் கொண்டுவந்தது. என்னிடமும் ஒரே லேத்தான் இருந்தது, அதிலும் இரும்பைப் பிடிக்கிற சக்கின் தாடை ஒன்று தேய்ந்திருந்தது. நான்கு பேர் லேத்தில், ஆறு பேர் வைஸில், மற்றவர்கள் அளவையிலும் வரைபடத்திலும் என்று பிரித்து, கிழமைக்கு ஒரு சுற்று மாற்றிக்கொண்டே இருந்தேன். இரும்புக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பட்டறைக்காரர்களை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொன்ன பிறகு துண்டுகள் கேட்காமலேயே வந்தன.

உங்கள் ஊரில் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களை ஒட்டி ஷீட் அடிக்கிற ரோலர் மெஷின்கள் ஏராளம். அந்த மெஷினைவிட நல்ல பாடப்புத்தகம் நமக்குக் கிடைக்காது. ஆசிட் ஊற்றி உறைந்த ரப்பர் பால்கட்டியை முதலில் வழுவழுப்பான ரோலரிலும், பிறகு கோடு வெட்டிய ரோலரிலும் விட்டு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் திருகால் கூட்டிக் குறைப்பதையும், கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை எத்தனை சுற்றும் என்பதைப் பற்சக்கரத்தின் பற்களை எண்ணிக் கணக்கிடுவதையும், உருளையின் அச்சைத் தாங்குகிற புஷ் தேய்ந்தால் ஷீட் ஒரு பக்கம் தடித்து வருவதையும் மாணவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த மெஷின் வீட்டுப் பொருள். பற்சக்கர விகிதம் என்ற பாடத்தைப் பலகையில் எழுதும்போது தூங்கிய ஒருவன், பால்கட்டி ஏன் ஒரு பக்கம் கனமாக வருகிறது என்று கேட்டவுடன் முதல் ஆளாக எழுந்து விடை சொல்வான்.

தோட்டத்துக்காரரின் இசைவைப் பெற்று, மெஷின் வேலை செய்யாத மழைநாள் ஒன்றில் அழைத்துப் போங்கள். மழையில் பால்வெட்டு இருக்காது; யாருக்கும் இடையூறில்லை. ஓடுகிற ரோலருக்கு அருகே மாணவர்களை விடவே வேண்டாம், விரல் போய்விடும். தேய்ந்த புஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தால், அதை அளந்து, புதியதை லேத்தில் கடைந்து கொடுப்பதே அடுத்த மாதச் செய்முறைப் பாடமாகிவிடும்.