மினி

கேள்வி: கேரளாவின் 'மினி பாகிஸ்தான்' மலப்புரத்தில் மற்ற மதத்தினரைச் சகித்துக்கொள்கிறார்களா? டிவியில் பார்த்தால் பயமாக இருக்கிறதே! (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்: மினி இட்லி தெரியும். மினி பஸ் தெரியும். மினி மீல்ஸ்கூடத் தெரியும், அப்பளத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதென்ன மினி பாகிஸ்தான்? விசாவில் பாதி கிழித்துக் கொடுப்பார்களா? இது அரதப்பழசு, ஐயா. 1969 ஜூனில் கேரள முதல்வராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசு இந்த மாவட்டத்தை உண்டாக்கியபோது, வேண்டாம் என்று கொடி பிடித்தவர்கள் சொன்னது. மாவட்டம் தாத்தா ஆகிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் இன்னும் அரை டிராயரில்.

அப்புறம், உங்கள் டிவி. ஊர்ப் பெயர் விஷயத்தில் எனக்கும் வடக்கத்திச் சேனல்களுக்கும் தீராத பகை. 2020 மே மாதம் வெடி வைத்த காயைக் கடித்து, வாய் புண்ணாகி, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே ஒரு கர்ப்பிணி யானை செத்ததே, அதை 'மல்லபுரம்' கணக்கில் எழுதினார்கள். மாமல்லபுரத்தில் 'மா' தொலைந்துபோய்விட்டதோ என்று நான் பதறிவிட்டேன். யானை செத்தது பாலக்காடு மாவட்டத்தில். திருத்தம் வருவதற்குள் மலப்புரத்துக்காரர்கள் எல்லோரும் யானைக் கொலையாளிகள் ஆகிவிட்டார்கள்.

அதே வருடம் ஆகஸ்ட் 7, துபாய் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. கொட்டும் மழை, கொரோனா பயம். அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் ஓடிப்போய் ஆட்களைத் தூக்கிவந்தார்கள். ராத்திரியிலேயே ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த விமான நிலையம் இருக்கும் கரிப்பூர், மலப்புரம் மாவட்டம். செய்தியில் என்ன வந்தது? 'கோழிக்கோடு விபத்து'. பக்கத்து மாவட்டத்து யானை இவர்கள் தலையில், இவர்கள் செய்த உதவி பக்கத்து மாவட்டத்தின் பெயரில்!

சரி, சொர்க்கமா? இல்லை. அந்த மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் பெண் பரதம் ஆடியதால், அவருடைய தாயாரை அடக்கம் செய்யப் பள்ளிவாசலில் இடம் தரவில்லை. 2022-ல் அதே பெண்ணை, இந்து இல்லை என்று சொல்லி, திருச்சூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்று மேடையேற விடவில்லை. இதில் யார் யாரைச் சகித்துக்கொண்டார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். இதனால்தான் குல்லா, திருநீறு, சிலுவையோடு மூன்று குழந்தைகளைக் கைகோத்து நிறுத்தும் சுதந்திர தினப் படத்தை நம் பத்திரிகையில் போடுவதில்லை. ஓவியர் வருடாவருடம் கோபித்துக்கொள்கிறார்.

2011 கணக்கெடுப்பில் மலப்புரத்தில் முஸ்லிம்கள் 70 சதவீதம், இந்துக்கள் 27 சதவீதத்துக்கு மேல், அதாவது 11 லட்சம் பேர். நாராயணீயம் எழுதிய பட்டதிரியின் மேல்பத்தூர் அங்கேதான். நம்மாழ்வார் பாடிய திருநாவாயும் அங்கேதான். உங்கள் வீட்டில் யாராவது 108 திவ்ய தேசம் கிளம்பி, மலைநாட்டுக் கோயில்களை முடித்திருந்தால் கேட்டுப்பாருங்கள், அந்த மினி பாகிஸ்தானில் பெருமாள் பிரசாதம் எப்படி இருந்தது என்று.