வட இங்கிலாந்து மலைப்பகுதியில் ‘ஹெல்ம்’ என்று ஒரு தனிக் காற்று வீசுமாமே, உண்மையா? அங்கே வசிப்பவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

உண்மைதான். பிரிட்டனில் தனக்கென்று ஒரு பெயர் உள்ள ஒரே உள்ளூர்க் காற்று இதுதான் என்பார்கள். நான் கம்ப்ரியாவில் ஈடன் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ளும் வேலை. மலையடிவாரக் கிராமங்களுக்குக் காரில் போய் வருவதுதான் பிழைப்பு என்பதால் இந்தக் காற்றோடு பழக்கம் அதிகம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது. பென்னைன் மலைத்தொடரின் உயரமான பகுதி ஈடன் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே நிற்கிறது. அதில் உயரமானது க்ராஸ் ஃபெல், 893 மீட்டர். பக்கத்திலேயே கிரேட் டன் ஃபெல், லிட்டில் டன் ஃபெல். நம் ஊர் மலைகளின் கணக்கில் இது ஒரு உயரமே இல்லை. ஆனால் அமைப்பைப் பார்க்க வேண்டும். கிழக்குப் பக்கம் மெல்ல மெல்ல ஏறும் சரிவு. மேற்குப் பக்கம், அதாவது எங்கள் பக்கம், சடாரென்று இறங்கும் செங்குத்துச் சரிவு. தொடர் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. எனவே வடகிழக்கிலிருந்து காற்று வந்தால் அது மலையை நேருக்கு நேர் மோதும்.

அந்த வடகிழக்குக் காற்று வட கடலைக் கடந்து குளிர்ந்து கனமாக வரும். மலைக்கு மேலே ஒப்பீட்டளவில் வெப்பமான ஓர் அடுக்கு மூடிபோல நின்றுவிட்டால், குளிர்காற்றுக்கு மேலே எழும்பிப் போக வழி இல்லை. தடுப்பணையின் மேல் வழியும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள்: வழிந்ததும் மெலிந்து, வேகமெடுத்து, சரிவில் பாய்ந்து, கீழே ஓரிடத்தில் திடீரென்று எழும்பிக் குமுறும். க்ராஸ் ஃபெல்லின் மேல் காற்று செய்வது அதைத்தான்.

வானத்தைப் பார்த்தாலே இது முழுவதும் தெரியும். மலையுச்சி முழுக்க ஒரு வெள்ளைத் தொப்பி மேகம் உட்கார்ந்திருக்கும். அதன் விளிம்பு சரிவில் கொஞ்சம் வழிந்து அங்கேயே நின்றுவிடும். கீழே இறங்கும் காற்று சற்றே சூடாவதால் மேகம் அதற்குமேல் கரைந்துபோகிறது. அதை அடுத்து நீல வானம், பளிச்சென்று. அந்த நீலத்துக்கு அப்பால், பள்ளத்தாக்கின் மேல், மலைக்கு இணையாக நீளமான இன்னொரு மேகம் இருக்கும். அதற்கு ‘ஹெல்ம் பார்’ என்று பெயர். இவ்வளவு காற்றிலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். உற்றுப் பார்த்தால்தான் சூட்சுமம் புரியும். கிழக்கு ஓரத்தில் பிசிறு பிசிறாகப் புதிய மேகம் உருவாகிக்கொண்டே இருக்கும், மேற்கு ஓரத்தில் கரைந்துகொண்டே இருக்கும். மேகம் நிற்கிறது, காற்று அதற்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கிறது.

கீழே இறங்கும் காற்று சூடாகும் என்றால் ஹெல்ம் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று சிலர் கேட்பார்கள். சில நூறு மீட்டர் இறங்குவதால் கிடைக்கும் சூடு சில டிகிரிதான். வரும்போதே அது உறைகிற மாதிரி வந்தால் அந்தச் சில டிகிரி எந்த மூலைக்கு?

காற்று உக்கிரமாக இருப்பது அந்த நீல வானத்துக்கு அடியில்தான். மில்பர்ன், நாக், டஃப்டன், கர்க்லண்ட் போன்ற அடிவாரக் கிராமங்கள் அந்தப் பட்டைக்குள் வருபவை. அங்கே ஹெல்ம் வீசும் நாளில் மலைப்பக்கமிருந்து இடைவிடாத ஓர் உறுமல் கேட்கும். சாதாரணப் புயல்காற்று விட்டு விட்டு அடிக்கும், இது அப்படி மூச்சு வாங்காது. குப்பைத் தொட்டிகள் சாலையில் உருளும், ஆட்டுக்குட்டிகள் கல்சுவரின் மறுபக்கம் ஒண்டிக்கொள்ளும். நான் போகும் வீடொன்றில், எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர், முன்பு பண்ணை நடத்தியவர், சன்னல் திரையை விலக்கி மலையைப் பார்ப்பார். தொப்பி உட்கார்ந்திருந்தால், “இன்றைக்குப் பின்வாசல் வழியாகவே போய்விடு, மகளே” என்பார். முன்வாசல் கிழக்கே பார்த்தது, திறந்தால் வீட்டிலிருக்கும் காகிதமெல்லாம் பறக்கும். செல்போனில் என்ன முன்னறிவிப்பு வந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை.

அதே நாளில் அங்கிருந்து கிளம்பி மேற்கே சில மைல் போங்கள். ஹெல்ம் பாரின் அடியில் வந்ததும் காற்று கத்தரித்தாற்போல் நின்றுவிடும். சில சமயம் எதிர்த்திசையிலிருந்து, மேற்கிலிருந்து, இலேசாக வீசவும் செய்யும். அங்கே இருப்பவரிடம் மில்பர்னில் காற்று அடிக்கிறது என்றால் நம்ப மாட்டார்.

இதை முறையாக ஆராய்ந்தவர் கார்டன் மான்லி. 1659-லிருந்து தொடங்கும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலை வரிசையைத் தொகுத்தவர் என்று இவர் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். கருவிகளை வைத்து எடுக்கப்பட்ட வெப்பநிலைப் பதிவுகளில் உலகிலேயே நீண்டது அதுதான். இவர் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1932-லிருந்து மூர் ஹவுஸ் என்ற இடத்தில் பதிவுகள் எடுத்தார். பிறகு 1937-ல் கிரேட் டன் ஃபெல் உச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மரக்குடிசை போட்டு, 1941 வரை அங்கே கருவிகளை ஓடவிட்டார். ஹெல்முக்குக் காரணம் மலையின் பின்னால் உருவாகி, நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் காற்றலை என்று விளக்கியவர் இவர். இவர் எடுத்த பதிவுகளின்படி அந்த உச்சியின் தட்பவெப்பம் ஐஸ்லாந்தின் கடலோரத்துக்குச் சமானம். அதற்கு முன்பு ஊர்க்காரர்களிடம் இருந்தது வேறொரு விளக்கம். க்ராஸ் ஃபெல்லுக்குப் பழைய பெயர் ‘பேய்களின் மலை’. ஒரு துறவி அங்கே சிலுவை நட்டுப் பேய்களை விரட்டினார் என்பது கதை. விரட்டியது சரியாகப் போகவில்லை என்றுதான் மார்ச் மாதத்தில் எனக்குத் தோன்றும்.

நீங்கள் ஹெல்மைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் ‘இன்று வானிலை எப்படி’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த உயரத்தில், மலைக்கு எந்தப் பக்கத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி மாவட்டத்தில் சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அங்கிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் பென்ரித்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பென்னைனையும் தாண்டி டர்ஹம் போனால் இன்னும் குறைவு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று வழியில் உள்ள ஒவ்வொரு மலைக்கும் கப்பம் கட்டிக்கொண்டே வருகிறது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது சீத்வெயிட்டுக்குப் பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவாயிற்று. பிரிட்டனுக்கே அது சாதனை.

உயரத்தின் கணக்கை நீங்கள் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். கிரேட் டன் ஃபெல்லிலும், கீழே பள்ளத்தாக்கில் வார்கப்பிலும் வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே 600 மீட்டருக்குச் சற்று மேல் உயர வித்தியாசம். வழக்கமான நாளில் மேலே நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். காற்றில்லாத, தெளிவான குளிர்கால இரவில் அப்படியே தலைகீழாகும். குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிட, மேலே பூஜ்யத்துக்கு மேல், கீழே பூஜ்யத்துக்குக் கீழ். இந்த இரண்டு எண்களையும் காலையில் பார்த்துவிட்டுத்தான் நான் எந்த நேரத்துக்குக் கிளம்புவது என்று முடிவு செய்வேன்.

இந்தக் கவனிப்பு இங்கே பழைய பழக்கம். அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன் கம்பர்லண்டில் பிறந்தவர். கெண்டலில் ஆசிரியராக இருந்தபோது 1787-ல் வானிலைக் குறிப்பேடு தொடங்கி, 1844-ல் இறக்கும்வரை எழுதினார். ஏரி மாவட்டத்தின் ஹெல்வெலின் மலை மீது பலமுறை ஏறி வெப்பமும் ஈரமும் அளந்தார். அதே ஹெல்வெலின் மீது இப்போதும் குளிர்காலம் முழுக்க, தேசியப் பூங்காவின் சார்பில் ஒருவர் தினமும் ஏறி, பனியின் நிலை, வெப்பம், காற்றின் வேகம் எல்லாம் குறித்து வெளியிடுகிறார். அந்தப் பக்கம் மலையேற நினைப்பவர்கள் செல்போன் முன்னறிவிப்பை விட அந்த அறிக்கையை நம்பலாம்.

சரி, ஹெல்மை நேரில் பார்க்க வேண்டுமா? குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனுக்கு வடக்கே உயர் அழுத்தம் நின்று வடகிழக்குக் காற்று நிலைத்திருக்கும் நாட்களைப் பாருங்கள். வந்துவிட்டால் இரண்டு மூன்று நாள்கூட நீடிக்கும். டெம்பிள் சவர்பி பக்கத்தில் நின்றால் தொப்பி, நீல இடைவெளி, ஹெல்ம் பார் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கிரேட் டன் ஃபெல் உச்சியில் விமானப் போக்குவரத்து ரேடாரின் பெரிய வெள்ளை உருண்டை ஒன்று இருக்கிறது. அது மேகத்துக்குள் மறைந்து, கீழே வெயில் அடித்தால் நல்ல அறிகுறி. அப்புறம் நாக் கிராமத்துக்கு வண்டியை விடுங்கள். அன்றைக்கு மேலே ஏற மட்டும் வேண்டாம், உச்சியில் பனிமூட்டமும் காற்றும் சேர்ந்து வழி தெரியாது. அடிவாரத்தில் காரின் மூக்கு மலையைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறவுங்கள். அங்கே கீல் உடைந்த கார்க் கதவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.