இரவில் கேட்கும் வலசைக் குரல்கள்: கேள்வி பதில்

பாரூரிலிருந்து: சார், ஐப்பசி ராத்திரியில் மாடியில் படுத்தால் ‘வக்... வக்...’ என்று தலைக்கு மேலே சத்தம் போகிறது. வெளிநாட்டுப் பறவையா?

நம்ம ஊர் வக்காதான். இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு, இருட்டியதும் ஏரிக்கு இரை தேடிக் கிளம்பும். முதலில் உள்ளூர்க் குரல்களைப் பழகிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி நடுராத்திரியிலும் கத்தும். கூட்டமாக விசிலடித்துக்கொண்டு போனால் சீழ்க்கைச் சிறகி. தரிசுக் காட்டில் நீளமாகக் கூவுவது கண்கிலேடி. இவற்றையெல்லாம் கழித்து மிச்சமிருப்பதில்தான் வலசைக் குரலை, அதாவது பருவத்துக்கேற்ப இடம்பெயரும் பறவைகளின் குரலை, தேட வேண்டும். ‘ட்யூ-ட்யூ-ட்யூ’ என்று மூன்று முறை கணீரென்று கேட்டால் பச்சைக்காலியாக இருக்கலாம்; குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருவது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: வலசைப் பறவைகள் பகலை விட்டுவிட்டு ராத்திரியில் ஏன் பறக்கின்றன?

காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், உடம்பு சூடேறாது, வல்லூறு பயமும் குறைவு. பகல்பொழுது இரை தேட மிஞ்சும். கழுகும் நாரையும் வெயிலில் எழும் காற்றில் ஏறி மிதப்பவை, அதனால் அவை பகலில்தான் போகும்.

ஓசூரிலிருந்து: அண்ணா, குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒன்றும் காட்டவில்லை.

ஓசூர் லாரிச் சத்தத்தில் அது பாவம் என்ன செய்யும்! பறக்கும்போது எழுப்பும் குரல் பல பறவைகளுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் யார் வீட்டு மாடியாவது கிடைத்தால் ரெக்கார்டரை வானம் பார்க்க வையுங்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தால் பக்கவாட்டுச் சத்தம் குறையும். காலையில் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, சத்தத்தைக் கோடுகளாகக் காட்டும் ஒலிப்படமாகப் (spectrogram) பாருங்கள். சில்வண்டுச் சத்தம் விடாத பட்டையாகத் தெரியும். பறவைக் குரல் சின்னக் கீறலாக விழுந்திருக்கும். முழுவதையும் காதால் கேட்க உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து: கதிர்க்குருவிகளும் இதில் பதிவாகுமா?

ஆசைப்படாதீர்கள். பெரும்பாலும் சத்தமே போடாமல் போய்விடும்.

தருமபுரியிலிருந்து: போன அக்டோபரில் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு குருவி ராத்திரி வீட்டுக்குள் வந்து சுவரில் மோதியது. என்ன அது?

ஆறுமணிக்குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இரவில் தெற்கே வருவது. வழியில் விளக்கைப் பார்த்துத் தடுமாறும். மறுபடி வந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் புதர் ஓரமாக விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம், அந்த மாதங்களில் மாடி விளக்கை அணைத்து வையுங்கள்.