மன்னர் இருக்கட்டும், காசு பார்த்தவரைக் கேளுங்கள்

கேள்வி: உலகில் முதன்முதலாக நாணயம் வெளியிட்ட மன்னர் யார்? அதற்குப் பிறகுதான் நாடுகளுக்கு இடையே வணிகம் தொடங்கியதா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: மறுபடியும் மன்னரா! இந்தப் பக்கத்துக்கு வரும் வரலாற்றுக் கேள்விகளில் முக்கால்வாசி மன்னரில் தொடங்கி மன்னரிலேயே முடிகின்றன. பள்ளி வினாத்தாள் ஒட்டவைத்த நோய் இது. இதற்காகப் பாடநூல் எழுதுகிறவர்களோடு பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன்.

இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியாவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே தங்கமும் வெள்ளியும் கலந்த காசு புழங்கியது. தங்கத்தில் தனியாக, வெள்ளியில் தனியாக அடித்த புகழ் அடுத்த நூற்றாண்டு மன்னர் குரோசஸுக்கு. போதுமா?

வணிகம் காசைவிட வெகு மூத்தது. கி.மு. 1900 வாக்கில், இன்றைய இராக்கில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள் வெள்ளீயத்தையும் துணியையும் கழுதைகளில் ஏற்றி அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், கனேஷ் நகருக்குப் போனார்கள். விலையாக வாங்கியது எடைபோட்ட வெள்ளி. அந்தத் துணியில் ஒரு பங்கை நெய்தவர்கள் ஊரில் இருந்த பெண்கள். லமாசி தன் கணவர் பூஷுகேனுக்குத் துணிக்கணக்கு எழுதிய களிமண் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த கடலோடிகளான பினீசியர்களோ கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சொந்தக் காசே அடிக்கவில்லை!

காசின் கதையில் எனக்குப் பெரிய ஆள் ஏதென்ஸின் ஓர் அடிமை. கி.மு. 375 வாக்கில் அந்நகரம் இயற்றி, கல்லில் வெட்டிய சட்டம் ஒன்று 1970இல் கிடைத்தது. சந்தையில், காசு மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே, அரசுக்குச் சொந்தமான அடிமை உட்கார்ந்து வெள்ளிக்காசைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். அவர் நல்லது என்று சொன்ன காசை வாங்க மறுத்த வியாபாரியின் அன்றைய சரக்கு முழுதும் பறிமுதல். அவ்வளவு அதிகாரம் உள்ள மனிதர் தம் வேலையில் தவறினால் 50 கசையடி! ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கும் இப்படி ஒருவர் வேண்டும் என்கிறது சட்டம். ஏதென்ஸின் ஆந்தை பொறித்த காசைப் பார்த்து வெளியூர்களிலும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் கண்ணை நம்பித்தான் தானியக் கப்பல்காரர் சரக்கை இறக்கினார். சட்டத்தை முன்மொழிந்த நிகோஃபோனின் பெயர் கல்லில் இருக்கிறது, அடிமையின் பெயர் இல்லை.

நம் பக்கத்தில் இந்த வேலை பார்த்தவர் வண்ணக்கர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவர் இருக்கிறார், தொழிலைப் பெயரிலேயே சுமந்துகொண்டு. அவரைப் பற்றிக் கேளுங்கள், இரண்டு பக்கம் எழுதுகிறேன்.