சாணத்தில் லாக்டோபாசில்லஸ் இருந்தால் பவுடர் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: கன்றுகளுக்கு அடிக்கடி கழிச்சல் வருவதால் பாலில் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா உள்ள புரோபயாடிக் பவுடர் கலந்து கொடுக்கிறேன். விற்ற ஏஜென்ட்டே சாணத்தை எடுத்துப்போய் இலவசமாகப் பரிசோதித்து, ‘லாக்டோபாசில்லஸ் கிராமுக்கு 10 கோடி’ என்று ரிப்போர்ட் தந்திருக்கிறார். பாக்டீரியா குடலில் குடியேறிவிட்டதாம். கறவை மாடுகளுக்கும் வாங்கச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் வாங்காதீர்கள். பவுடர் மோசமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்கிறதா என்பதற்கு இந்த ரிப்போர்ட்டில் பதில் இல்லை.

பால் குடிக்கிற கன்றின் குடலில் லாக்டோபாசில்லஸ் இயல்பாகவே கோடிக்கணக்கில் இருக்கும், பவுடர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், உங்கள் மாப்பிள்ளை வந்து சேர்ந்துவிட்டார் என்று ஆகிவிடுமா? பொட்டலத்தில் இருந்த அதே ஆள்தானா என்று கண்டுபிடிக்க, அந்தப் பாக்டீரியாவின் ஸ்ட்ரெயினை, அதாவது இனத்துக்குள் இருக்கும் தனி வகையை, அடையாளம் காண வேண்டும். அதற்கென்றே வடிவமைத்த பிசிஆர் சோதனையோ (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறிவது) மரபணு வரிசை வாசிப்போ தேவை. ஆய்வகத்தில் ஊட்டம் வைத்த தட்டில் பாக்டீரியாவை வளர்த்து எண்ணும் சாதாரண சோதனையால் அது முடியாது. பிசிஆரிலும் ஒரு சிக்கல்: செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். வயிற்று அமிலத்தில் மொத்தமும் செத்துப் போயிருந்தாலும் ரிப்போர்ட்டில் ‘உள்ளது’ என்று வரலாம். உயிருள்ளதைத் தனியாகப் பிரிக்க, சோதனைக்கு முன் ஒரு சிறப்புச் சாயம் சேர்க்கும் முறை இருக்கிறது. இலவச சோதனையில் யார் அதைச் செய்யப் போகிறார்கள்?

ஆராய்ச்சியாளர்கள் ரிஃபாம்பிசின் என்ற மருந்தைத் தாங்கும் வகையை ஆய்வகத்தில் உருவாக்கி ஊட்டுவார்கள். பிறகு அந்த மருந்து கலந்த தட்டில் சாணத்தைப் பரப்பி, எது வளர்கிறது என்று பார்ப்பார்கள். அது ஆய்வுக்கூடத்து வேலை, பண்ணைக்கு வேண்டாம். பண்ணையாளரால் செய்ய முடிந்தது லேபிளைப் படிப்பதுதான். அதிலும் பல பொட்டலங்களில் இனப் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள், ஸ்ட்ரெயின் எண் கிடையாது. எண்ணே தெரியாத பாக்டீரியாவை எந்தக் கொம்பனால் தேட முடியும்? ‘கிராமுக்கு இத்தனை கோடி’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது தயாரித்த அன்று இருந்த கணக்கா, காலாவதி நாள் வரைக்குமான உத்தரவாதமா என்பதைச் சொல்ல மாட்டார்கள். இதைக் கட்டாயமாக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.

‘குடியேறிவிட்டது’ என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் நிலைப்பதில்லை. கொடுக்கும்வரை இருக்கும், நிறுத்தினால் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், சாணத்தோடு போய்விடும். அதனால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது, போகிற வழியிலும் அது வேலை செய்யக்கூடும். ஆனால் ஒரு முறை கொடுத்தால் ஆயுசுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பாசில்லஸ் வகைப் பவுடர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. லேபிளில் பாசில்லஸ் சப்டிலிஸ், பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்று இருந்தால் இதைக் கவனியுங்கள். இவை ஸ்போர் என்ற கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில் இருக்கும். குச்சித் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் பெரும்பாலும் தாங்கும். சாணத்திலும் நிறையக் கிடைக்கும். இங்கேதான் ஏமாந்துபோவோம்: உறை திறக்காமலேயே உள்ளே போய் வெளியே வந்த ஸ்போரும் தட்டில் போட்டால் முளைத்துவிடும். குடலில் அது விழித்ததா, உறங்கியபடியே பயணம் போனதா? ஓரளவு தெரிந்துகொள்ள, சாணக் கரைசலின் ஒரு பகுதியை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, சூடாக்காத பகுதியோடு ஒப்பிடுவார்கள். சூட்டில் ஸ்போர் மட்டும் பிழைக்கும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தால், சாணத்தில் வந்ததெல்லாம் ஸ்போர்தான். அப்போதும் குடலுக்குள் சிலது விழித்துச் செத்திருக்கலாம். ஆக, பாசில்லஸ் பவுடருக்குச் சாண எண்ணிக்கை காட்டுவது அது வழியில் சாகாமல் வந்தது என்பதை மட்டுமே.

கறவை மாடுகளுக்குச் சாணச் சோதனையே வேண்டாம். அவற்றுக்குப் பெரும்பாலும் விற்பது உயிருள்ள ஈஸ்ட், அதன் வேலை ரூமன் என்ற முதல் வயிற்றில். அங்கே நடப்பதைச் சாணம் சரியாகக் காட்டாது. பாலையும் தீவனக் கணக்கையும் எழுதிவைத்துப் பாருங்கள்.

கன்றுகளுக்கும் அதே வழிதான். பிறக்கிற வரிசையில் ஒன்றுக்குப் பவுடர், அடுத்ததற்கு இல்லை என்று மாற்றி மாற்றி விட்டு, கழிச்சல் இருந்த நாட்களையும், வளர்ச்சி தெரிய மார்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். நாலைந்து கன்றுகளை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த நாட்களையும் குறியுங்கள், அது பவுடரில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லக்கூடும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் போதுமான அளவு உள்ளே போனதா என்பதை முதலில் பாருங்கள், அது தவறியிருந்தால் எந்தப் பவுடரும் ஈடுகட்டாது. கழிச்சலில் கண் குழிவிழுந்து கன்று எழ மாட்டேன் என்றால் பவுடரை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறமும் சோதித்தே ஆக வேண்டும் என்றால், கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே சாணம் எடுங்கள். தரையில் கிடந்தது வேண்டாம். கொடுக்கும் முன் ஒன்று, கொடுக்கும்போது ஒன்று, நிறுத்தி இரண்டு வாரம் கழித்து ஒன்று. ஒவ்வொரு முறையும் பவுடரே பார்க்காத ஒரு கன்றின் சாணத்தையும் சேர்த்து, எது எது என்று சொல்லாமல் எண் மட்டும் போட்டு, ஐஸில் வைத்து அன்றே நீங்களே ஆய்வகத்தில் கொடுங்கள். ஏஜென்ட் கையில் வேண்டாம்.